வாசகர் கேள்வி பதில்: ஷார்த்ர் பேராலயத்துக்கு ஒரு முழு நாள்

பாரிசுக்குத் தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில், கோதுமை விளையும் போஸ் சமவெளியில் இருக்கிறது ஷார்த்ர் நகரம். 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அதன் அன்னை மரியா பேராலயத்தையும் பழைய ஊரையும் பார்க்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: பாரிசில் மூன்று நாள்தான் இருக்கிறோம். ஷார்த்ருக்கு அரை நாள் ஒதுக்கினால் போதுமா? எப்படிப் போவது?

போதாது. அரை நாளில் போனவர்கள் "பெரிய கோயில், உள்ளே ஒரே இருட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் பழகவே பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அது பழகி, சன்னல்கள் ஒவ்வொன்றாகத் தெளியத் தொடங்கும்போது ரயிலுக்கு நேரமாகிவிடும். காலையில் போய் மாலையில் திரும்புவதுபோல் ஒரு முழு நாள் வையுங்கள்.

பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நேரடி ரயில் உண்டு. எத்தனை இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இது வட்டார ரயில். முன்பதிவு இருக்கை கிடையாது, முன்கூட்டியே வாங்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம். பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: பாரிஸ் வட்டாரத்துக்கான நவிகோ பாஸ் ஷார்த்ர் வரை செல்லாது. ஷார்த்ர் வேறு மாகாணத்தைச் சேர்ந்தது. பாஸ் இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்தால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட நேரும். போக, வர இரண்டுக்கும் தனி டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய பெட்டிகளை மோன்பர்னாஸ் நிலையத்தின் பாதுகாப்புப் பெட்டகத்திலேயே வைத்துவிடுங்கள். ஷார்த்ர் நிலையத்தில் இறங்கியதும் இரண்டு கோபுரங்களும் கண்ணில் படும். அவற்றைப் பார்த்து நடந்தால் பத்து நிமிடம்.

கேள்வி: வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்க எந்த நேரம் நல்லது? காலையா, மாலையா?

இரண்டும். ஆனால் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பொதுவாகத் தேவாலயங்களின் பலிபீடம் கிழக்கே இருக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடுவோம். ஷார்த்ரில் அந்தக் கணக்கு தப்பும். இந்தக் கட்டடத்தின் நீளவாக்கு ஏறத்தாழ வடகிழக்கு நோக்கித் திரும்பியிருக்கிறது. அதனால் 'தெற்கு' என்று வரைபடத்தில் எழுதியிருக்கும் பக்கம் உண்மையில் தென்கிழக்கைப் பார்க்கிறது. 'மேற்கு' முகப்பு தென்மேற்கைப் பார்க்கிறது.

இதன்படி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை பத்து முதல் நண்பகல் வரை தெற்குப் பக்கம்: நடுக்கூடத்தின் வலப்பக்கச் சன்னல்கள், தெற்கு ரோஜாச் சன்னல் (பூப்போல் விரியும் பெரிய வட்டச் சன்னல்), அதைத் தாண்டி பலிபீடத்தைச் சுற்றிவரும் பாதையில் இருக்கும் நீல அன்னை (நீல உடையில் மரியாவைக் காட்டும் சன்னல்). இவற்றுக்கு நேர் வெயில் அப்போதுதான் வரும். நண்பகலில் வெளியே போய்ச் சாப்பிட்டு, ஊரைச் சுற்றிவிட்டு, நான்கு மணிவாக்கில் திரும்புங்கள். இம்முறை பலிபீடத்துக்கு முதுகைக் காட்டி முகப்புச் சுவரைப் பாருங்கள். கீழே மூன்று நீண்ட சன்னல்கள், மேலே இறுதித் தீர்ப்பைச் சித்திரிக்கும் ரோஜாச் சன்னல். சாயும் வெயிலில் அந்த மூன்றின் நீலம் தரைவரை இறங்கி வரும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் இதற்கு மூன்று மணிக்குள் வந்துவிட வேண்டும். வடக்கு ரோஜாவுக்கு நேர் வெயில் கோடைகாலப் பிற்பகலின் கடைசியில்தான் கிடைக்கும்.

மேகமூட்டம் என்றால் சோர்ந்துபோக வேண்டாம். மங்கிய ஒளியில் சிவப்பும் மஞ்சளும் அடங்கிப்போகும், நீலம் அடங்காது. சீரான சாம்பல் வானத்தின் பின்னணியில் முகங்களும் ஆடை மடிப்புகளும் கண் கூசாமல் தெரியும். படத்தைப் படிக்க வேண்டும் என்றால் மேகமூட்டம்தான் மேல்.

கேள்வி: மொத்தம் 176 சன்னல்கள் என்கிறார்கள். பைபிள் கதைகள் ஓரளவு தெரியும். எதைப் பார்ப்பது, எப்படிப் புரிந்துகொள்வது?

எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது. நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் இருபது நிமிடம் உட்காருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சிறிய இருகண் நோக்கி ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மேல்தட்டுச் சன்னல்கள் வெறும் நிறத் திட்டுகளாகத்தான் தெரியும்.

முதல் பாடத்துக்கு உகந்தது நல்ல சமாரியர் சன்னல். முகப்பு வழியாக நுழைந்தால் வலப்பக்கக் கூடத்தில் மூன்றாவது சன்னல். பெரும்பாலான சன்னல்களைப் போலவே இதையும் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அடித்தட்டில் செருப்புத் தைப்பவர்கள் தொழில் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களோடு இந்தச் சன்னலுக்குள்ள தொடர்பைக் காட்டும் கையொப்பம் அது. மேலே போனால் லூக்கா நற்செய்தியின் கதை: ஒருவன் எருசலேமை விட்டுப் புறப்படுகிறான், கள்வர் அடித்துப் போடுகிறார்கள், குருவும் லேவியனும் விலகிப் போகிறார்கள், சமாரியன் காயத்தைக் கட்டிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான்.

பாதியில் கதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆதாம் படைக்கப்படுகிறான், ஏவாள் வருகிறாள், கனியை உண்கிறார்கள், தோட்டத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள், காயீன் ஆபேலைக் கொல்கிறான். சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை ஒட்டிவிட்டார்கள் என்று இங்கேதான் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். நகராதீர்கள். அடிபட்டுக் கிடப்பவன் தோட்டத்தை இழந்த மனித இனம், தூக்கி எடுக்கும் சமாரியன் கிறிஸ்து என்பது அந்தக் காலத்து மறையுரைகளில் ஊறிப்போன விளக்கம். அதனால்தான் உச்சியில் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். கீழே சொன்ன கதைக்கான பொருளுரையை மேலே வரைந்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு சன்னலை முழுதாகப் படித்துவிட்டால் மற்றவை தாமாகவே பிடிபடும்.

அடுத்து எதிர்ப்பக்கத்து முதல் சன்னலான நோவா, தெற்குச் சுற்றுப்பாதையில் பன்னிரண்டு ராசிகளையும் மாதந்தோறும் நடக்கும் விவசாய வேலைகளையும் காட்டும் சன்னல், பிறகு முகப்பின் மூன்று. அந்த மூன்றில் வலக்கோடியில் இருக்கும் ஈசாய் மரத்தை விட்டுவிடாதீர்கள். படுத்திருக்கும், தாவீது மன்னரின் தந்தையான ஈசாயின் உடலிலிருந்து மரம் கிளம்பி, அரசர் அரசராக ஏறி, மரியாவையும் கிறிஸ்துவையும் அடைகிறது.

கேள்வி: 'ஷார்த்ர் நீலம்' என்று தனியாகப் புகழக் காரணம் என்ன? 12-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியை 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

1194 ஜூனில் பெரும் தீ விபத்து. பழைய கோயில் எரிந்துபோக, நிலவறையும் மேற்கு முகப்பும் கோபுரங்களும் மிஞ்சின. முகப்பின் மூன்று சன்னல்களும் அதோடு தப்பியவை, சுமார் 1150-இல் செய்தவை. நீல அன்னை 1180 வாக்கில் ஆனது. அதிலும் அன்னையும் குழந்தையும் இருக்கும் நடுப்பகுதிதான் பழையது, சுற்றியுள்ள வானதூதர்கள் பிறகு சேர்ந்தவர்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை 1200-க்குப் பிறகு சில பத்தாண்டுகளில் வைத்தவை.

பழைய நீலம் கோபால்ட் கலந்தது, அதோடு அடிப்படைக் கண்ணாடியில் சோடியம் மிகுதி. மரச்சாம்பலைச் சேர்த்துச் செய்த பொட்டாசியக் கண்ணாடியை ஈரம் அரிக்கும், மேற்பரப்பு குழி விழுந்து மங்கும். சோடியக் கண்ணாடி அந்த அரிப்பைத் தாங்கி நின்றது. எண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த நீலம் தெளிவாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். பிற்கால நீலம் இன்னும் அடர்த்தியானது, இருண்டது.

பிரித்தறிய நிறத்தைவிட எளிய வழி, கண்ணாடியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பார்ப்பது. பழைய சன்னல்களில் சட்டம் நேர்க்கோடுகளால் ஆன கட்டங்களாக இருக்கும், படம் அந்தச் சதுரங்களுக்குள் அடங்கும். 13-ஆம் நூற்றாண்டில் கொல்லர்கள் இரும்பை வட்டமாகவும் நாலிதழ்ப் பூவாகவும் வளைத்தார்கள். அந்த வடிவமே கதையைப் பத்தி பிரித்துக் காட்டுகிறது. முகப்புச் சன்னலையும் சமாரியர் சன்னலையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். நோக்கியில் பார்க்கும்போது கருங்கோடுகளையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். துண்டுகளை இணைக்கும் தடித்த கோடு ஈயப் பட்டை. கண், மூக்கு, தாடி, விரல் நகம் போன்ற மெல்லிய கோடுகள் தூரிகையால் தீட்டி உலையில் சுட்டவை.

கேள்வி: சுவர்களுக்கெல்லாம் வெள்ளை பூசிப் பழமையைக் கெடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

2009-இல் தொடங்கிய உட்புறச் சீரமைப்பைச் சொல்கிறீர்கள். மெழுகுவர்த்திப் புகையும் சூடேற்றும் கருவிகளின் கரியும் படிந்து சுவர்கள் கறுத்துக் கிடந்தன. அந்தக் கரிக்கு அடியில் 13-ஆம் நூற்றாண்டுப் பூச்சு நிறைய மிஞ்சியிருந்தது. வெளிர் காவி நிறம், அதன் மேல் கல் இணைப்புபோல் வெள்ளைக் கோடுகள். அதைத் துலக்கி, உதிர்ந்த இடங்களில் நிரப்பினார்கள். எனவே இல்லாத ஒன்றைப் புதிதாகப் பூசினார்கள் என்ற குற்றச்சாட்டு சரியல்ல.

ஆனால் எதிர்ப்பவர்களின் ஆதங்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சுவர் வெளுத்தால் உள்ளே வெளிச்சம் பரவும், கண்ணின் பாவை சுருங்கும், சன்னலின் நிறம் முன்பைவிட ஒரு படி தணிந்து தோன்றும். இருட்டிலிருந்து நீலம் எரிந்த அந்தக் காட்சி இனி இல்லை. அதேநேரம் தூண்களின் உருவமும் சுமார் 37 மீட்டர் உயர விதானமும் இப்போதுதான் கட்டியவர்கள் எண்ணியபடி தெரிகின்றன. எங்கள் கருத்தில் துலக்கியது சரியே. கறுப்பு அன்னையாக மக்கள் வணங்கிவந்த தூண் மாதா சிலைக்குப் பழைய வண்ணம் என்று வெளிர் நிறம் தீட்டியதில்தான் மனம் ஒப்பவில்லை. வணங்குபவர்களுக்கு அந்தக் கறுப்பும் வழிபாட்டின் ஒரு பகுதி.

கேள்வி: தரையில் இருக்கும் சுழல்வழிப் பாதையில் நடக்க அனுமதி உண்டா?

உண்டு, எல்லா நாளும் இல்லை. மற்ற நாள்களில் அதன் மேல் நாற்காலிகள் போட்டிருக்கும். தவக்காலத் தொடக்கம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம், பிப்ரவரி அல்லது மார்ச்சில் தொடங்கும்) முதல் அக்டோபர் இறுதி வரை வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை அகற்றுவது வழக்கம். விழாக்களால் மாறக்கூடும் என்பதால் பேராலயத்தின் இணையதளத்தில் தேதியை உறுதிசெய்துகொண்டு ரயில் ஏறுங்கள்.

குறுக்களவு சுமார் 12.9 மீட்டர். ஆனால் மடிந்து மடிந்து செல்லும் பாதையின் நீளம் 261 மீட்டருக்கும் அதிகம். பிரியும் கிளை எதுவும் இல்லாததால் வழி தவற வாய்ப்பில்லை. சிக்கல் வேறு: பாதையின் அகலம் சுமார் 34 சென்டிமீட்டர்தான், போகிறவரும் வருகிறவரும் அதே தடத்தில். எதிரே ஆள் வந்தால் பக்கத்துத் தடத்துக்கு ஒரு கால் ஒதுங்கி, அவர் கடந்ததும் அதே இடத்துக்குத் திரும்புங்கள். ஒதுங்கிய தடத்திலேயே நடையைத் தொடர்ந்தால் கொஞ்ச நேரத்தில் வாசலுக்கே திரும்பிவிடக்கூடும். முன்னால் மெதுவாகப் போகிறவரை முந்தாதீர்கள், பலர் செபித்தபடி நடப்பார்கள். போய்வர அரை மணி நேரம் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. திருப்பலி நேரத்தில் உள்ளே போகலாமா? கட்டணம் உண்டா?

பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. வழிபாட்டில் கலந்துகொள்ள யாருக்கும் தடையும் இல்லை. பின்வரிசையில் அமருங்கள், எல்லோரும் எழும்போது எழுங்கள். நற்கருணை, அதாவது அர்ச்சித்த அப்பம், வாங்கும் வரிசையில் மட்டும் நிற்க வேண்டாம், அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்கானது. இருக்கையிலேயே இருக்கலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஞாயிறு முற்பகலைத் தவிர்த்துவிடுங்கள். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்து வார இறுதியில் பாரிசிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் நடந்துவரும் யாத்ரீகர் கூட்டம் ஊரை நிறைத்துவிடும். ஆகஸ்ட் 15-இல் அன்னையின் விண்ணேற்பு விழாப் பவனி. கூட்டத்தோடு வழிபட விரும்புகிறவர்களுக்கு அவை அருமையான நாள்கள், சன்னல் பார்க்க வருகிறவர்களுக்கு அல்ல.

யாத்திரைக்கு வேர், 876-இல் சார்லஸ் மன்னர் வழங்கியதாகச் சொல்லப்படும் அன்னையின் துகில். 1194 தீயில் அது எரிந்துவிட்டதென்று ஊரே கலங்கியபோது, நிலவறையிலிருந்து பத்திரமாக எடுத்துவந்தார்கள். அந்த உற்சாகத்தில்தான் புதிய கோயில் கால் நூற்றாண்டுக்குள் பெருமளவு எழுந்தது. 1260 அக்டோபரில் ஒன்பதாம் லூயி மன்னர் முன்னிலையில் அபிஷேகம் நடந்தது.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் இவ்வளவு கண்ணாடியும் எப்படித் தப்பியது?

கழற்றி வைத்ததால். 1939-இல் போர் மூளும் வேளையில் சன்னல்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்துப் பத்திரப்படுத்தினார்கள். கட்டடம் தப்பியதற்கு ஒரு மனிதரின் துணிவும் காரணம். 1944 ஆகஸ்டில் கோபுரத்தில் ஜெர்மன் வீரர்கள் இருக்கலாம் என்று அமெரிக்கப் படை பீரங்கியால் தாக்கத் தயாரானபோது, கர்னல் வெல்போர்ன் கிரிஃபித் உள்ளே போய்த் தேடி, யாரும் இல்லை என்று உறுதிசெய்து தாக்குதலை நிறுத்தவைத்தார். அன்றே பக்கத்து ஊரான லேவில் நடந்த சண்டையில் அவர் உயிரிழந்தார்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

ஊர் இரண்டு தட்டாக இருக்கிறது. பேராலயம் மேட்டில், யூர் ஆறு கீழே. இடையில் படிக்கட்டுச் சந்துகளும் செங்குத்தான சரிவுகளும். மேல்தட்டில் மட்டும் இருந்தாலே அம்மாவுக்கு நிறையக் கிடைக்கும். தெற்கு வாசல் எதிரே உட்கார்ந்து அப்போஸ்தலர் சிலைகளைப் பார்க்கலாம். தெற்குக் கோபுரத்தின் மூலையில் சூரியக் கடிகாரம் ஏந்திய வானதூதரும் இசைக்கருவி வாசிக்கும் கழுதையும் இருக்கிறார்கள். பின்புறம் ஆயரின் பழைய மாளிகைத் தோட்டத்திலிருந்து கீழ் ஊர் முழுவதும் தெரியும். மீன் சிற்பம் செதுக்கிய மரச்சட்ட வீடான சால்மன் இல்லமும் மேலேதான். பருவ காலத்தில் பேராலயச் சதுக்கத்திலிருந்து சுற்றுலாச் சிறு ரயில் வண்டி ஓடுகிறது, கீழ் ஊருக்கு அதுவே உத்தமம்.

நடக்க முடிகிறவர்கள் அந்தத் தோட்டத்தின் பக்கத்திலிருந்து படிகளில் இறங்கிப் பழைய புனித அந்திரேயா கோயிலை அடையுங்கள். அங்கிருந்து ஆற்றோரமாகவே நடங்கள். தோல் பதனிட்டவர்களும் துணி வெளுத்தவர்களும் வாழ்ந்த தெருக்கள் இவை. தண்ணீர் மட்டத்தில் துவைக்கும் மேடையும் மேலே உலர்த்தும் தட்டுமாகச் சில துறைகள் இன்னும் நிற்கின்றன. கல் பாலங்களைக் கடந்து புனித பேதுரு கோயிலுக்குப் போங்கள். பழைய மடத்துக் கோயிலான அதன் சன்னல்களில் நிறமும் நிறமற்ற கண்ணாடியும் மாறிமாறி வருகின்றன. பேராலயத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் ஆச்சரியமாக இருக்கும். திரும்பும்போது ராணி பெர்த் படிக்கட்டு என்ற 16-ஆம் நூற்றாண்டு மரச் சுழல்படிக் கூண்டைப் பார்த்துக்கொண்டே மேலேறலாம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். பாதை முழுவதும் உருண்டைக் கல் பதித்தது, மழையில் வழுக்கும். தட்டையான ரப்பர் அடி உள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் சன்னலைப் படமெடுத்தால் வெள்ளையாக வெளுத்துவிடுகிறது. என்ன செய்வது?

கைப்பேசி இருண்ட சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. திரையில் கண்ணாடியின் நடுவே விரலை அழுத்திப் பிடித்து, பிறகு ஒளி அளவைக் கீழே இழுத்து, சிவப்பு சிவப்பாகத் தெரியும் வரை குறையுங்கள். சுவர் கறுப்பாகிவிடும், பரவாயில்லை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பிறரைத் தொந்தரவு செய்வதோடு, பின்னாலிருந்து ஒளி வரும் கண்ணாடிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், நேரம் தப்பினால் கிடைக்காது. பெரும்பாலான உணவகங்கள் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரைதான் சமையல் செய்யும். மூன்று மணிக்குப் போனால் காப்பிதான். ஷார்த்ரின் பெயர்பெற்ற பாத்தே முழுக்க இறைச்சி. கோதுமை, பாப்பரை (பக்வீட்) மாவுத் தோசைகள் சுடும் கிரெப் கடைகளில் பாலாடைக்கட்டி, காளான், கீரை வைத்துக் கேளுங்கள். பன்றி இறைச்சி இல்லாமல் என்று சேர்த்தே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பழக்கத்தில் வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை காலையானால் காய்கறிச் சந்தையில் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: கோபுரமும் நிலவறையும் பார்க்கத் தனி அனுமதி வேண்டுமா?

இரண்டுக்கும் தனிக் கட்டணம், இரண்டுக்கும் நேரம் குறித்த நுழைவு. நிலவறைக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், விளக்கம் பெரும்பாலும் பிரெஞ்சில். 11-ஆம் நூற்றாண்டில் ஆயர் ஃபுல்பேர் காலத்தில் கட்டியது, மேலே பிறகு எழுந்த கோயிலின் அடியில் லாட வடிவில் வளைந்து செல்கிறது. உள்ளே குளிரும், மேலாடை எடுத்துச் செல்லுங்கள்.

ஏறுவது வடக்குக் கோபுரம். சுமார் 300 படிகள், குறுகிய சுழல்படி, இறங்குகிறவர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. ஒரு கோபுரம் எளிய கூர்முனையாகவும் மற்றது பூவேலை நிறைந்ததாகவும் இருப்பதைக் கீழிருந்தே கவனித்திருப்பீர்கள். தெற்குக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டினது. வடக்கின் மரக் கூம்பை மின்னல் எரித்ததால் ழான் தெ போஸ் என்ற சிற்பி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய கல் கூம்பைக் கட்டினார். மேலேயிருந்து பச்சைக் கூரையைப் பாருங்கள். 1836-இல் பழைய மரக் கூரை எரிந்தபின் இரும்புச் சட்டத்தில் செம்புத் தகடு வேய்ந்தார்கள், அந்தச் செம்புதான் பச்சை பூத்திருக்கிறது. காற்று பலமாக அடிக்கும் நாளில் ஏறவிட மாட்டார்கள், அதனால் கோபுரத்துக்கு முற்பகல் நேரத்தையே பதிவுசெய்யுங்கள். காலையில் மூடியிருந்தால் பிற்பகலுக்கு மாற்றிக் கேட்க இடமிருக்கும்.